பத்துக்குப் பத்து

பதினான்காவது ஒலிப்பதிவு வந்துவிட்டது, கேள்வித்தாள் வரவில்லை. பதிமூன்று ஞாயிற்றுக்கிழமையாக இரண்டும் சேர்ந்துதான் வரும். முதலில் பியூலாவின் குரல், நாலு நிமிடமோ ஐந்து நிமிடமோ, அதன் பின்னாலேயே அவள் கையெழுத்தில் பத்து ஆங்கில வாக்கியங்கள் உள்ள தாளின் போட்டோ, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. குரலைக் கேட்டுக் கோட்டை நிரப்ப வேண்டும், அதுதான் பயிற்சி. இன்றைக்குக் குரல் மட்டும் வந்து இருபது நிமிடம் ஆகிறது. கோயில் ஆராதனை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு, காதில் மாட்டுவதை மாட்டி உட்கார்ந்திருக்கிறேன், தாளைக் காணோம். மறந்திருப்பாள் என்று வேறு புருஷன்மார் நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும், நல்ல மனுஷர்கள். ஏழு வருடமாக இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறவள், எந்தக் கட்டிலுக்கு எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்று நிமிடம் பிசகாமல் கொடுக்கிறவள், ஒரு தாளை மறப்பாளா. மறந்தாள் என்றால் கவனம் வேறு எதிலோ இருந்திருக்கிறது. அந்த வேறு எது என்பதுதான் ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம் வரும், அதிலும் பாதி அவள் லீவில் வந்து பெட்டி பிரித்ததும் பெட்டி கட்டியதும். அப்பா படுக்கையில் கிடந்தார், பட்டறையை விட முடியவில்லை, நான் போகவில்லை. போன வருடம் அப்பா காலமானார். இனி என்ன, வாங்க அத்தான் என்றாள். வாங்க என்று சொன்ன குரலும் இப்போது பேசுகிற குரலும் ஒன்றா என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை சென்னையில் பரீட்சை. பத்து நிமிடம்தான், எதிரே ஒருவர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும், பாஸானால் விசாவுக்குப் போட்டு அவளோடு போய் இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் பாஸாகிற பரீட்சை என்கிறார்கள். நான் ஒரு தடவை ஃபெயில். ஊர் பேர் சொன்னேன், தொழில் சொன்னேன், இட்லி பிடிக்கும் என்று சொன்னேன், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட அம்மா சிரித்துக்கொண்டே "டெல் மீ அபௌட் யுவர் வைஃப்" என்றார். ஷீ இஸ் எ நர்ஸ் என்றேன். அவர் இன்னும் வரும் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அந்த ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்ததே, அது ஆங்கிலம் வராத வேர்வை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், ஆனால் தமிழில் கேட்டிருந்தாலும் அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பேன் என்று திரும்பி வருகிற ரயிலில் விழுப்புரம் வரைக்கும் யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் பாளையங்கோட்டையிலேயே ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். ஜெரால்டு சார் என்று ஒருவர், பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் சாக்பீஸ். வாய் வருவதற்கு முதலில் காது பழக வேண்டும் என்று கோடு நிரப்புகிற பயிற்சி வைப்பார், அதற்கு வித்தையையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கதையைக் கேட்காதீர்கள், கதை உங்களுக்கு எதற்கு, கோட்டுக்கு முந்தின வார்த்தையில் கண்ணை வையுங்கள், அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அடுத்த வார்த்தையை அமுக்குங்கள், எழுதுங்கள், அடுத்த கோட்டுக்கு ஓடுங்கள், அர்த்தம் யோசித்தால் அடுத்த கேள்வி போய்விடும். எனக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. முதலில் நாலு, ஐந்து என்று வாங்கிக்கொண்டிருந்தவன் எட்டு, ஒன்பது என்று வாங்க ஆரம்பித்தேன். பியூலாவும் நிலையத்தில் கொடுக்கிற பாட்டுப்பெட்டிக் குரலெல்லாம் வேகம் அத்தான், நானே பைய வாசிச்சு அனுப்புதேன் என்று ஞாயிறுதோறும் அனுப்ப ஆரம்பித்தாள். லின்டா என்று ஒரு பெண், எல்லாப் பாடத்திலும் அவள்தான். லின்டா பஸ்ஸில் போகிறாள், லின்டா கேரட் வாங்குகிறாள், லின்டாவின் ஜன்னலுக்கு வெளியே மழை. எந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கிறாளோ. நான் கோடுகளை நிரப்பித் தாளைப் படமெடுத்து அனுப்புவேன், அவள் மதிப்பெண் போட்டு அனுப்புவாள், பத்துக்குப் பத்து வந்துவிட்டால் நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவேன். கடைசி நாலு பாடமும் பத்துக்குப் பத்து. வியாழக்கிழமை போனால் பாஸ்தான். போகிறேனா என்பதுதான் கேள்வி. வேறொருவன் நடமாடுகிற வீட்டுக்குப் போய் அழைப்பு மணி அடிக்க நான் எதற்கு ஆங்கிலம் படிக்க வேண்டும்.

ஆம், வேறொருவன். சும்மா சொல்லவில்லை, என் காதைப் பற்றிப் பட்டறைப் பக்கம் யாரையும் கேட்டுப்பாருங்கள். டீசல் பம்பு, நாசில், இருபத்திரண்டு வருடம். வண்டி உறுமிக்கொண்டு நிற்கும், நீளமான திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு மூன்றாவது நாசில் ஒழுகுகிறது என்பேன், கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான். சத்தத்துக்குள் சத்தம் கேட்கிற காது. ஜெரால்டு சார் மூன்று தடவை கேட்கச் சொல்வார், முதல் தடவை பழக்கத்துக்கு, இரண்டாவது எழுத, மூன்றாவது சரிபார்க்க. நான்காவது தடவை என்பது என்னுடையது. அதில் பியூலாவின் குரலை ஒதுக்கிவிட்டு அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பேன். முதலில் தப்பான எண்ணத்தில் தொடங்கவில்லை, அவள் வீடு எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை, தண்ணீர் கொதிக்கிற சத்தம், கீழே பஸ் போகிற சத்தம், இதையெல்லாம் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். பத்தாவது பாடத்தில்தான் அகப்பட்டது. இரண்டு நிமிடம் பத்து விநாடியில் ஓர் ஆண் குரல். தணிந்த குரல், நாலைந்து வார்த்தை, என்ன வார்த்தை என்று தெரியவில்லை, பிறகு சின்னதாக ஒரு சிரிப்பு, நாற்காலி இழுபடுகிறது, கொஞ்சம் பொறுத்து ஒரு திரைச்சீலை கம்பியில் வளையத்தோடு சர்ரென்று ஓடுகிறது. திரைச்சீலை! பட்டப்பகலில் திரையை எதற்கு இழுக்கிறார்கள். பதினோராவது பாடத்திலும் அதே ஆள். இந்தத் தடவை காகிதப் பை பிரிகிற சத்தம், கோப்பையில் கரண்டி, போதாததற்கு மூக்காலே ஏதோ ராகம் இழுக்கிறான். அவசரமே இல்லாத ராகம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாடம், நிமிடம், விநாடி, சத்தம் என்று நாலு பத்தி கட்டி எழுதிவைத்திருக்கிறேன், பம்பு பழுதுக்கு எழுதுவதுபோலவே. அந்த இரண்டு வாரமும் அவள் வீடியோவில் வரவில்லை. நைட் டூட்டி, முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு, பார்க்காதிய என்றாள். பதினோராவது பாடம் வந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாதவன்போல் "பாடம் வாசிக்கும்போது பக்கத்துல யாராச்சும் இருந்தாவளா" என்று கேட்டேன். "இல்லத்தான், வீட்டுல நான் மட்டுந்தான்" என்றாள், கேட்டு முடிக்குமுன் பதில். பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் ஆள் சத்தம் இல்லை. நான் கேட்டதால் உஷாராகிவிட்டாள் என்று அர்த்தம். அதிலிருந்து நானும் சாப்பிட்டேன், இருக்கேன், சரி என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை பாருங்கள். மடியில் கனமில்லாதவள் கேட்டிருப்பாள்.

படியில் கொலுசு இல்லாத கனத்த காலடி, கதவைத் தட்டாமலே அக்கா. எஸ்தர் அக்காவுக்குக் கீழ்வீடு, எனக்கு மாடி, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அவள் கையால். காதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினேன். "ஏல, சட்டயக்கூடக் கழத்தாம என்னல இது, கோழிக் கொளம்பு ஆறிப்போவும்" என்று கிண்ணத்தை நோட்டின்மேலேயே வைக்கப் போனாள், நான் நோட்டை இழுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தை இவள் பார்த்தால் தெரு முழுக்கப் பார்த்த மாதிரி. "வியாழக்கெழம எத்தன மணிக்கு ரயிலு" என்றாள். "புதன்கெழம சாயங்காலம். போறனான்னு தெரியல." "அதென்னல பேச்சு, பணங்கட்டியாச்சு." அக்கா கட்டில் முனையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அங்கேதான் போனது. "அவளுக்கு முப்பத்தெட்டு முடியப்போவுது. இனிமே நீ போயி, அங்க குடியிருந்து, எப்பம்ல ஒரு புள்ளயப் பாக்க? அதப்பத்தி அவ ஏதாவது பேசுதாளா?" "இல்ல." "நீ கேட்டியா?" "இல்ல." "நான் கேட்டா நாத்தனா பொல்லாதவம்பா. கட்டுனவன் நீ கேக்க வேண்டாமா? போன வருசம் வந்தப்பவே வயித்துவலி வயித்துவலின்னு சுருண்டு சுருண்டு படுத்தா, என்ன ஏதுன்னு கேட்டியா?" இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொன்னேன் என்றேன். அதைச் சொல்லும்போதே இவளிடம் ஏன் இதையெல்லாம் சொல்கிறோம் என்று எரிச்சலாக வந்தது, இவள் என்ன துப்பறிய வந்தாளா, இவளுக்கும் ஏதாவது காதில் விழுந்திருக்குமா, பியூலாவின் சித்தி இவளோடுதான் கோயில் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறாள், பெண்களுக்குள் ஏதோ ஓடுகிறதோ, எல்லாருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதோ. அக்கா எழுந்து, மூடின நோட்டை ஒரு விரலால் தட்டி, "அது யாருல லின்டா, எப்பப் பாத்தாலும் லின்டா லின்டான்னு படிக்க, கீழ வரைக்கும் கேக்கு" என்றாள். "பாடத்துல வாற பொம்பள." "பாடத்துல வாற பொம்பளயப் பத்தி இம்புட்டுத் தெரிஞ்சி வச்சிருக்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். கிண்ணத்தைத் தட்டால் மூடிவைத்தேன். பசி இல்லை.

மணி ஒன்று. இரண்டு மணிக்கு அவள் கூப்பிடுவாள், அங்கே காலை ஒன்பதரை, முதல் பத்து நிமிடம் ஆங்கிலம் மட்டும், தமிழ் பேசினால் தப்பு, அது அவள் வைத்த சட்டம். தாள் வரவே இல்லை. சரி, தாள் இல்லாவிட்டால் போகட்டும், இன்றைக்கு நேரே என்னுடைய நான்காவது தடவைக்கே போய்விடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டேன். பின்னால் மழை, கண்ணாடியில் படுகிற மழை. கெட்டில் கொதித்து டக்கென்று நிற்கிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு மூச்சு, ஏறுகிற மூச்சு, படியேறி வந்தவள்போல. ஆள் இல்லை. மறுபடி ஓடவிட்டேன், இரண்டு நிமிடம் பத்தில் நிறுத்திப் பின்னால் இழுத்துக் கேட்டேன், பழக்கதோஷம், அங்கேயும் மழைதான். ஆள் இல்லாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. மூன்றாவது தடவை சும்மா ஓடவிட்டேன், பேனா கையில், ஆனால் பிடிப்பதற்குக் கோடு இல்லை, எந்த வார்த்தைக்குக் காத்திருப்பது என்று தெரியாமல் காது சும்மா கிடந்தது. சும்மா கிடந்த காதில் வாக்கியம் முழுசாக வந்து விழுந்தது. லின்டா ஹேஸ் எ ஹஸ்பண்ட். லின்டாவுக்குப் புருஷன் இருக்கிறான். ஹீ ரிப்பேர்ஸ் டீசல் பம்ப்ஸ். எனக்கு முதலில் சுருக்கென்றது, கோபம்தான் வந்தது, என் தொழிலை எதற்குப் பாடத்தில் கொண்டுவருகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து யாரோ எழுதிக்கொடுத்துச் சிரிக்கிறானா, அதுதான் சிரிப்பா. அவன் திருப்புளியைக் காதில் வைத்துச் சின்னச் சின்னச் சத்தமெல்லாம் கண்டுபிடிப்பான். அவன் அக்கா கீழ்வீட்டில் இருக்கிறாள். அவன் நல்லவன். அவள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடம் விட்டு, எனக்கு என்றே வாசிக்கிறாள், எல்லா வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை, ஒன்றுகூடக் கஷ்டமில்லை. லின்டா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னாள். அவன் எல்லா விடைகளையும் சரியாக எழுதினான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. டுடே தேர் ஆர் நோ கொஸ்டியன்ஸ். இன்றைக்குக் கேள்விகள் இல்லை. அதோடு முடிகிறது, அப்புறம் ஐந்து விநாடி மழை. முடிந்தபிறகும் நான் அது ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றால், எதை, எங்கே சொன்னாள், நான்கு ஞாயிறு என்றால் பத்து, பதினொன்று, இல்லை, ஒன்பதும் உண்டு, எந்த நான்கு.

நோட்டைத் திருப்பினேன். முன்பக்கமாக, பாடங்கள் இருக்கிற பக்கமாக. இந்த நோட்டை நான் ஒரு மாதமாகப் பின்பக்கத்திலிருந்து மட்டுமே திறந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு பாடத்தின் வாக்கியங்களையும் தாளைப் பார்த்து முழுசாக எழுதிக் கோடிட்ட வார்த்தையை மட்டும் சிவப்பில் எழுதுவது என் வழக்கம், ஆகவே எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. பத்தாவது பாடம். லின்டா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மூன்றாவது மாடி, சிவப்பில் மூன்று. அவளுடைய கட்டிலின் எண் ஏழு, சிவப்பில் ஏழு. டாக்டர் அவள் வயிற்றைக் கிழித்து, இல்லை, திறந்து, ஒரு பெரிய கட்டியை எடுத்தார், சிவப்பில் வயிறு. பதினொன்று. லின்டாவுக்குக் காய்ச்சல், தையலில் சீழ், இன்னும் வீட்டுக்கு விடவில்லை, ராத்திரியில் வலிக்கிறது, சிவப்பில் வலி. இதை எழுதின அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன், ராகம் இழுக்கிறவனை விநாடிக் கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலை, வளையம், கம்பி. கட்டிலைச் சுற்றி ஓடுகிற திரை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கும் என்பது அப்பாவை எட்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்த எனக்குத் தெரியாதா. பன்னிரண்டு. லின்டா வீட்டுக்கு வந்துவிட்டாள், சிநேகிதி சூப் கொண்டுவந்தாள், லின்டா பாரம் தூக்கக்கூடாது. டாக்டர் கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார். லின்டாவுக்கு இனிமேல் குழந்தைகள் பிறக்காது. சிவப்பில் குழந்தைகள். சில்ட்ரன் என்பதை நான் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்ன சரி போட்டிருந்தேன். பதின்மூன்று. லின்டாவுக்குப் புருஷனிடம் இதைத் தமிழில், இல்லை, தமிழில் என்று இல்லை, அவளுடைய சொந்த பாஷையில் என்று இருக்கிறது, சொந்த பாஷையில் சொல்லப் பயமாக இருக்கிறது, சொன்னால் அவன் வரமாட்டானோ என்று பயமாக இருக்கிறது. சிவப்பில் பயம். இதைப் படித்துவிட்டு நான், ஞாபகம் இருக்கிறது, நன்றாகவே ஞாபகம் இருக்கிறது, இந்த வெள்ளைக்காரிகளே இப்படித்தான் போல, புருஷனிடம் மறைக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அப்புறம் ஐந்தாவது கேள்விக்கு ஓடினேன். போனை எடுத்துப் பன்னிரண்டாவது பாடத்தின் தேதிக்குப் போனேன். என் தாளின் படம். அவள், பத்துக்குப் பத்து. நான், கட்டைவிரல். அதன் கீழே அவள் மூன்று தடவை டைப் செய்ததாக அன்றைக்குக் காட்டியது, ஒன்றும் வரவில்லை, நெட்வொர்க் என்று நினைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டேன். ஒரு மனுஷனுக்கு இதைவிடக் கேவலம் இல்லை. என் மனைவியின் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், நான் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருக்கிறேன். அவள் கூப்பிட இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது, நானே கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை, என்ன பேசுவது என்று தெரியவில்லை, அந்தப் பதினொரு நிமிடத்திலும் என் புத்தியைப் பாருங்கள், ஓரமாக நின்றுகொண்டு கேட்டது, எல்லாம் சரி, ஆனால் அந்த ஆள் யார்.

இரண்டு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டாள். படம் இல்லை, குரல் மட்டும். "ஹலோ, ஹவ் ஆர் யூ டுடே" என்றாள், பரீட்சையில் கேட்கிற குரலில். ஐ ஆம் ஃபைன் என்று சொல்ல வேண்டும். "ஹவ் ஆர் யூ டுடே" என்று இன்னொரு தடவை கேட்டாள். "பியூலா, ஆப்பரேசன் எப்பம் நடந்துச்சு" என்றேன். "ஏன், தேதியும் எழுதியிருந்திய, ஏப்ரல் பதினாலு" என்றாள், தமிழில். "எழுதுனேன். எனக்கு வெளங்கல பியூலா. பாடம்னு நெனச்சு எழுதிட்டேன். சத்தியமா வெளங்கல." "ஒண்ணு ரெண்டு வார்த்த தப்பா எழுதியிருந்தாலாவது வெளங்கலன்னு நெனச்சிருப்பேன்" என்றாள், "பத்துக்குப் பத்து எழுதிட்டு கட்டவெரலு போட்டிய. சரி, அத்தானுக்குத் தெரிஞ்சிட்டு, அவிய அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன்." "தமிழ்ல சொல்லியிருக்கலாம்லா." "தமிழ்ல அத்தான்னு ஆரம்பிச்சாலே அழுகையா வருது. இங்கிலீஷ்ல வாசிச்சா யாருக்கோ நடந்த மாதிரி இருந்துச்சு, அதான் முழுசா வாசிக்க முடிஞ்சுது." வலிக்குதா என்று கேட்டேன், இப்போது பரவாயில்லை என்றாள். யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன், கூட வேலை பார்க்கிற ஒரு பிள்ளை வாரம் இரண்டு தடவை வந்தது என்றாள். அப்புறம் அவள் கேட்டாள், குரல் ரொம்பத் தணிந்து போயிருந்தது, "வியாழக்கெழம போவியளா?" "போவேன்." "புள்ள இல்லாட்டி வேண்டாம்னு எஸ்தர் மைனி சொன்னாலும்?" "யாரு சொன்னாலும் போவேன், புதன்கெழம சாயங்கால ரயிலு, டிக்கெட் எடுத்தாச்சு" என்றேன். எடுத்தது உண்மைதான், கேன்சல் செய்வதற்கு இரண்டு தடவை கைபோனதும் உண்மை. அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என் காதுக்கே தெரியவில்லை. "வெளங்கலன்னா சரி" என்றாள், "ஆனா வெளங்காதவிய ஒரு மாசமா எங்கிட்ட ஏன் அப்படிப் பேசினிய? சாப்பிட்டேன், இருக்கேன், சரி. நான் என்ன செஞ்சேன்?" பட்டறையில் வேலை ஜாஸ்தி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நோட்டு கைக்கடியில் இருந்தது, கடைசிப் பக்கம் மேலே. "பத்தாவது பாடத்துல" என்று ஆரம்பித்தேன், "ஒனக்குப் பின்னால ஒரு ஆம்பள சத்தம் கேட்டுச்சு. பதினொண்ணுலயும் கேட்டுச்சு. சிரிச்சாரு. நீ யாரும் இல்லன்ன." சொல்லிவிட்டு, திட்டட்டும் என்று காத்திருந்தேன், வைத்துவிடுவாள் என்றும் நினைத்தேன். அவள் திட்டவில்லை. யோசித்தாள், நிஜமாகவே யார் என்று யோசித்தாள், அப்புறம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அது பக்கத்துக் கட்டில் அம்மாவோட வீட்டுக்காரரு அத்தான்" என்றாள். "தெனமும் நாலு மணிக்கு வந்துருவாவ. நான் இருந்த பதினோரு நாளும் வந்தாவ."